"அமெரிக்காவுல வரி போட்டாங்க... அப்பாவோட ஷிப்ட் குறைஞ்சது!" - சர்வதேச அரசியல் படிக்கும் ஒரு திருப்பூர் மாணவியின் கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "அடுத்து என்ன படிக்கப் போறே?" இன்ஜினீயரிங், நர்ஸிங், பி.காம் என்று பதில் வந்தால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். "சர்வதேச அரசியல்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வீடே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். "அதைப் படிச்சு..?" என்று இழுப்பார் மாமா. "கலெக்டருக்குப் படிக்கிறியா கண்ணு?" என்று முடித்துவைப்பார் சித்தி.

திருப்பூரைச் சேர்ந்த அந்த மாணவி, இந்தக் கேள்வியை 2021-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். மகள் கோவையில் பி.ஏ அரசியல் அறிவியல் முடித்துவிட்டு, இப்போது சென்னையில் சர்வதேச உறவுகள் எம்.ஏ இரண்டாம் ஆண்டு. "என் பேரும் வேண்டாம், அப்பா வேலை பார்க்குற கம்பெனி பேரும் வேண்டாம். மத்ததெல்லாம் எழுதிக்கோங்க" என்றவர், நிறையவே பேசினார்.

அவர் பேச்சில் நம்மைக் கவர்ந்தது மதிப்பெண்ணோ, எதிர்காலத் திட்டமோ அல்ல. ஒரே பாடத்தை இந்தச் சில வருடங்களில் அவர் நான்கு விதமாகப் பார்த்திருக்கிறார். உலகச் செய்திகளை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, பொங்கியெழுந்துவிட்டு, மறந்துவிட்டு நகரும் நம் எல்லோருக்கும் அதில் ஏதோ ஒரு கட்டம் பொருந்தும்.

தலைநகரம், நாணயம், அவ்வளவுதான்!

"நான் விரும்பிச் சேரலீங்க" என்று சிரிக்கிறார். "2021-ல கொரோனாவால பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கல. பி.காம் கேட்டேன், கிடைக்கல. அரசியல் அறிவியல்ல சீட் இருக்குன்னாங்க. 'குரூப் ஒன் எழுதுறதுக்கு உதவும்'னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. சேர்ந்துட்டேன்."

அப்போது அவருக்குச் சர்வதேச அரசியல் என்பது பொது அறிவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எது நாணயம், ஐ.நா-வில் எத்தனை நாடுகள், பாதுகாப்பு கவுன்சிலில் எத்தனை இடங்கள்? ஐ.நா-வில் 193 நாடுகள். பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர உறுப்பினர்கள் 5, தற்காலிக உறுப்பினர்கள் 10. இப்படி மூன்று நோட்டுகள் நிறைய எழுதி வைத்திருந்தாராம்.

"அந்த நோட்டைப் பார்த்துட்டு எங்க மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. '1945-ல ஐ.நா-வைத் தொடங்கின நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. ஆனா, நமக்குச் சுதந்திரம் கிடைச்சது 1947-ல. அப்புறம் எப்படி?' எனக்குப் பதில் தெரியல. மூணு நோட்டுலயும் அது இல்ல" என்கிறார்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோதே, முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் இந்தியா தனி உறுப்பாகக் கையெழுத்திட்டது. அதன்வழியே அன்றைய சர்வதேச சங்கத்திலும் உறுப்பினரானது. அந்தத் தொடர்ச்சிதான் 1945-லும் நமக்கு நாற்காலி கொடுத்தது. நாட்டுக்குச் சுதந்திரம் இல்லை, ஆனால் நாட்டின் பெயரில் ஒரு கையெழுத்து இருந்தது. இப்படியும் உலகம் இயங்கும் என்பது அந்த மாணவிக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும், அன்றைக்கு அது பரீட்சைக்கு வராத ஒரு சுவாரஸ்யமான தகவல் மட்டும்தான்.

"நீ எந்தப் பக்கம்?"

2022 பிப்ரவரி 24. உக்ரைனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்தன. இவர் அப்போது பி.ஏ முதலாம் ஆண்டு. இவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டுப் பையன் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம் முழுக்க எங்க தெருவே அவங்க வீட்டு வாசல்லதான் உட்கார்ந்திருந்துச்சு. மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள படுத்திருக்கேன்னு அண்ணன் வீடியோ அனுப்புவாரு. சார்ஜ் இல்லன்னா போன் வராது. அவங்கம்மா சாப்பிடவே இல்ல. அதே நேரம் நான் ஸ்டேட்டஸ்ல 'ரஷ்யா என்னைக்குமே நம்ம நண்பன்'னு போட்டுட்டு, கிளாஸ்ல சண்டை போட்டுட்டு இருந்தேன். சிஎஸ்கே, மும்பை மேட்ச் மாதிரி. ஒரு பக்கத்தைப் பிடிச்சுட்டா அவங்க அடிக்கிறதெல்லாம் சிக்ஸர்."

மார்ச் 2 அன்று ஐ.நா பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 141, எதிர்ப்பு 5. நடுவில் 35 நாடுகள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் விலகி நின்றன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. வகுப்பில் இரண்டு தரப்புக்குமே கோபம். "ஒண்ணு ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லன்னு சொல்லணும். இதென்ன நடுவுல நிக்கிறது?"

பேராசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'இந்திய மாணவர்கள் - 20,000-க்கும் மேல்.' பிறகு கேட்டார், "கிழக்கே இருக்கிற ஊர்ல சிக்கியிருக்கிற பிள்ளைங்க வெளியே வரணும்னா ரஷ்யாவும் சுடக் கூடாது, உக்ரைனும் சுடக் கூடாது. ரெண்டு பேருக்கும் நீங்கதான் போன் பண்ணணும். இப்போ எந்த பட்டனை அழுத்துவீங்க?"

வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு மாணவர் மட்டும் எழுந்து, "அதுக்காகத் தப்பைத் தப்புன்னு சொல்லக்கூடாதா சார்?" என்றார். "அதுவும் சரியான கேள்விதான். ரெண்டு கேள்வியையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று வகுப்பை முடித்தாராம் அவர்.

மார்ச் 8 அன்று சுமி நகரில் சிக்கியிருந்த சுமார் 700 இந்திய மாணவர்கள் பேருந்துகளில் வெளியே அழைத்து வரப்பட்டனர். அதற்குச் சில நாள் முன்பே இவர்கள் தெருப் பையனும் போலந்து எல்லையைக் கடந்து வீடு வந்து சேர்ந்திருந்தார். "அந்த அண்ணன் வந்த அன்னைக்கு ஸ்டேட்டஸை அழிச்சுட்டேன். யார் பக்கம்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அங்கே யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்கணும்னு தோணுச்சு" என்கிறார்.

"எல்லாமே வேஷம்!"

ஆனால், பாடம் உடனே பிடித்துவிடவில்லை. படிக்கப் படிக்க வெறுப்புதான் வந்தது.

பாதுகாப்பு கவுன்சிலில் ஒரு தீர்மானம் நிறைவேற 15-ல் 9 வாக்குகள் வேண்டும். ஆனால், நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐவரில் ஒருவர் 'கூடாது' என்று கை தூக்கினாலும் போதும், தீர்மானம் செத்துவிடும். அதுதான் வீட்டோ. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவு, ரஷ்யா வீட்டோ. 2023 டிசம்பர் 8 அன்று காஸாவில் போர் நிறுத்தம் கோரும் தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா வீட்டோ.

"குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியா உட்கார்ந்திருக்கிற பஞ்சாயத்து மாதிரி இருந்துச்சு. மூணாவது வருஷம் படிக்கும்போது எனக்கு எதுலயுமே நம்பிக்கை இல்ல. ஒப்பந்தம், சட்டம், மனித உரிமை எல்லாமே வேஷம், பலம் இருக்கிறவன் வெச்சதுதான் சட்டம்னு பேச ஆரம்பிச்சேன். அதுல ஒரு கெத்து வேற. எல்லாம் தெரிஞ்சவ மாதிரி ஒரு நினைப்பு."

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தப் பாடமே கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்து வந்ததுதான். சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி 1919-ல், வேல்ஸ் நாட்டின் ஆபெரிஸ்வித் என்ற கடற்கரை ஊரில் உள்ள கல்லூரியில் உருவாக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தரின் குடும்பம் அளித்த கொடையில் அது தொடங்கியது. இனியொரு போர் வரக் கூடாது, அதற்கு வழி தேட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

17 வருடங்கள் கழித்து, 1936-ல் அதே நாற்காலியில் அமர்ந்தவர் இ.ஹெச்.கார். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்து, பேச்சுவார்த்தை மேசைகளை நேரில் பார்த்தவர். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உலகம் இயங்கவில்லை, அதிகாரம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள் என்று வாதிட்ட அவருடைய புத்தகம் 1939-ல் வெளியானது. அதே ஆண்டு இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

"காரைப் படிச்சப்போ 'பார்த்தீங்களா, நான் சொன்னது சரிதானே'ன்னு மேடம்கிட்ட போய் நின்னேன். 'கடைசி அத்தியாயங்களையும் படிச்சுட்டு வா'ன்னு அனுப்பிட்டாங்க. அங்கே அவரு, அதிகாரத்தை மட்டுமே பேசுற பார்வையும் போதாதுன்னு சொல்றாரு. வெறும் ஆசையும் உதவாது, வெறும் விரக்தியும் உதவாதுன்னா அப்போ வேற என்னதான் பண்றதுன்னு கோபமா வந்துச்சு."

இங்கே அந்தப் பேராசிரியர் இன்னொரு வேலையும் செய்தாராம். திருக்குறளின் பொருட்பாலை எடுத்து வரச் சொன்னார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், ஒற்றாடல், தூது என்று வரிசையாக அதிகாரங்கள். "ஏதோ வெள்ளைக்காரங்க பாடம்னு நினைச்சுட்டு இருந்தேன். தூதுவர் எப்படி இருக்கணும்னு நம்ம ஆளு ஒரு அதிகாரமே எழுதி வெச்சிருக்காரு. அதுவரை அதை மனப்பாடச் செய்யுளா மட்டும்தான் பார்த்திருந்தேன்" என்கிறார்.

ஒரு டி-ஷர்ட்டின் ஜாதகம்

உண்மையான திருப்பம் எம்.ஏ முதல் வருடத்தில் வந்தது. 'உன் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள். அது எந்தெந்த சர்வதேச விதிகளைத் தாண்டி வந்தது, அல்லது போகிறது என்று எழுது.' இதுதான் அசைன்மென்ட். இவர் எடுத்தது அப்பா கம்பெனியில் தைக்கும் காட்டன் டி-ஷர்ட்.

முதலில் கிடைத்தது ஒரு வருடம்: 1974. அந்த ஆண்டு முதல், பணக்கார நாடுகள் ஒவ்வொரு வளரும் நாட்டிலிருந்தும் இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்துக்கொள்ள ஒரு சர்வதேச ஏற்பாடு அனுமதி கொடுத்தது. எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் கோட்டா முடிந்தால் கப்பல் ஏறாது. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உலக வர்த்தக அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அந்தக் கோட்டாவைப் பத்து வருடங்களில் படிப்படியாக எடுத்துவிடுவதென்று முடிவானது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முழுவதும் ஒழிந்தது.

"2005-ன்னு பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பொறந்தது 2004. உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஊரு. எனக்கு ஒரு வயசு இருக்கும்போதுதான் அப்பா எங்களைக் கூட்டிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினாரு. 'அப்போ ஆள் எடுத்துக்கிட்டே இருந்தாங்க பாப்பா, கம்பெனி கம்பெனியா போர்டு மாட்டியிருந்தாங்க'ன்னு அடிக்கடி சொல்லுவாரு. நான் திருப்பூர்ல வளர்ந்ததுக்கும் மராகேஷ்ல போட்ட கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சது."

அசைன்மென்ட்டை அப்படியே எழுதி நீட்டினார். பேராசிரியர் சிவப்பு மையில் குறித்துத் திருப்பிக் கொடுத்தார்: 'ஒரே காரணத்தில் நிற்காதே.'

கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1959-ல் எழுதிய புத்தகத்தில், போர் ஏன் வருகிறது என்பதற்கு மூன்று தளங்களில் காரணம் தேடலாம் என்றார். தனி மனிதர், நாட்டின் உள் அமைப்பு, நாடுகளுக்கு மேலே யாருமே இல்லாத உலக அமைப்பு. போருக்குச் சொன்ன அதே முறையை பஸ் ஏறிய கதைக்கும் பொருத்திப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். இவர் அப்பாவிடம் மறுபடியும் கேட்டார். ஏற்கெனவே திருப்பூரில் இருந்த தாய்மாமன் கூப்பிட்டது முதல் காரணம். ஊரில் மழை இல்லாமல் கிணறு வற்றியது இரண்டாவது. ஆர்டர் குவிந்து ஆள் தேவைப்பட்டது மூன்றாவது. மாமனும் கிணறும் மராகேஷும் சேர்ந்துதான் அந்த பஸ் டிக்கெட்டை எடுத்திருக்கிறார்கள்.

பிறகு கதை நீண்டது. ஐரோப்பிய யூனியன், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு 2001-லிருந்து வரியே இல்லாமல் கதவு திறந்துவைத்திருக்கிறது. ஆயுதங்கள் மட்டும்தான் விலக்கு. பங்களாதேஷ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் அங்கே தைத்த டி-ஷர்ட்டுக்கு வரி கிடையாது, திருப்பூரில் தைத்ததற்கு உண்டு. 2011-லிருந்து, துணியை வெளியே வாங்கித் தைத்து மட்டும் அனுப்பினாலும் அந்தச் சலுகை உண்டு. பங்களாதேஷ் வாங்கும் பருத்தி நூலில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது.

"அப்பா கம்பெனியில எல்லாரும் 'பங்களாதேஷ்காரன் நம்ம ஆர்டரைப் பிடுங்குறான்'னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பார்த்தா, அவங்க ஜெயிச்சா நம்ம நூல் மில்லுக்கு லாபம், பனியன் கம்பெனிக்கு நஷ்டம். எதிரின்னு சொல்றதா, வாடிக்கையாளர்னு சொல்றதா?"

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பயணம் வாரக்கணக்கில் நீண்டது, சரக்குக் கட்டணம் ஏறியது. தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டிக்கும் அதே கதிதான். காஸாவில் நடந்த போர் திருப்பூர் ஷிப்மென்ட் தேதியை நகர்த்தியது. இதையும் அவர் அசைன்மென்ட்டில் சேர்த்தார்.

"எல்லாமே வேஷம்னு சொல்லிட்டு இருந்தேன் இல்லையா... வேஷமா இருந்தா கோட்டா போனதும் எங்கப்பாவுக்கு எப்படி வேலை கிடைச்சது? விதிகளைப் பலசாலிங்கதான் எழுதுறாங்க. ஆனா எழுதின பிறகு அது எல்லாருடைய வாழ்க்கையிலயும் வேலை செய்யுது. அப்போ அதை ஒவ்வொரு வரியா படிக்கத் தெரிஞ்ச ஆள் நம்ம பக்கமும் இருக்கணும்ல?"

அந்த ஆகஸ்ட்

படிப்பு பிடித்துப்போன நேரத்தில்தான் படிப்பையே விடும் நிலை வந்தது.

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 25 சதவிகிதக் கூடுதல் வரி விதித்தது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவிகிதம். ஏற்கெனவே இருந்த இறக்குமதி வரிக்கு மேல் 50 சதவிகிதம்! இரண்டாவது 25-க்கு அமெரிக்கா சொன்ன காரணம், இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்பது. உக்ரைன் போருக்கு முன்பு நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறியது. போருக்குப் பின் தள்ளுபடி விலையில் கிடைத்ததால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ரஷ்யாவிடம் ஏராளமாக எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அந்த அபராத வரி போடப்படவில்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அமெரிக்கா அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில் ஆர்டர்கள் நின்றன. தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய மெஷின்கள் ஒரு ஷிப்ட்டோடு நின்றன. சில நாள் அதுவும் இல்லை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு மெஷின் நின்றால் சனிக்கிழமைச் சம்பளமும் நிற்கும்.

"அம்மா போன்ல எதுவும் சொல்லல. தம்பிதான் சொன்னான், 'ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட அம்மா கம்மலை வெச்சுட்டாங்க'ன்னு. நான் ஊருக்கு வந்துடுறேன், பையிங் ஆபீஸ்ல வேலை கேட்டுப் பார்க்கிறேன்னு சொன்னேன். அம்மாதான் முடிவா சொன்னாங்க, 'கம்மலைத் திருப்பிக்கலாம். நீ பாதியில வந்தா அதைத் திருப்ப முடியாது.'"

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா கேட்டாராம், "ஏன் பாப்பா, இதைத்தானே நீ படிக்கிறே... இது எப்போ சரியாகும்?"

அந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் கிடையாது. "தெரியலப்பான்னுதான் சொன்னேன். ஆனா எதைக் கவனிச்சா தெரியும்னு சொன்னேன். ஜூலை 24-ல பிரிட்டனோட ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கு. அது நடைமுறைக்கு வந்தா நம்ம துணிக்கு அங்கே வரி இருக்காது. ஆனா கையெழுத்து போட்ட மறுநாளே வந்துடாது, அவங்க பார்லிமென்ட்ல ஒப்புதல் வாங்கணும். அதனால அந்தப் பக்கம் ஆர்டர் எடுக்கிற கம்பெனி எதுன்னு இப்பவே விசாரிச்சு வைங்கன்னேன். அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம், 'நம்ம செட்டுல இருக்கிறவங்களுக்கும் இதைக் கொஞ்சம் சொல்லிட்டுப் போ'ன்னாரு."

மறுநாள் டீக்கடை பெஞ்சில் ஏழெட்டு டெய்லர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எந்தக் கருத்தரங்கிலும் வராதவை. வரியை யார் கட்டுவது, விற்கிறவரா வாங்குகிறவரா? ஏற்கெனவே கப்பலில் இருக்கும் சரக்குக்குப் பழைய வரியா, புது வரியா? "பாதிக்குப் பதில் சொன்னேன். மீதியை எழுதிட்டு வந்து லைப்ரரியில தேடினேன்" என்கிறார்.

இதைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு...

"வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியை அவர் தவிர்க்கவில்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி வழியாக வருடத்துக்குச் சில பத்துப் பேர்தான் தேர்வாகிறார்கள். அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேரக் கூடாது என்கிறார். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் 'அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்' விருப்பப் பாடமாகவே இருக்கிறது. ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்விலும் இதற்கெனத் தனிப் பாடம் உண்டு.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் இதற்கான துறை இருக்கிறது. பி.ஏ-வில் எந்தப் பாடம் எடுத்தவர்களும் எம்.ஏ-வில் இதற்கு மாறும் வாய்ப்பு பல இடங்களில் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் தகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கூடவே ஏதாவது ஒரு கைத்திறமை வேணும். ஒரு வெளிநாட்டு மொழி, இல்லன்னா வர்த்தகச் சட்டம், இல்லன்னா புள்ளிவிவரம். வெறும் கருத்து சொல்றதுக்கு யாரும் சம்பளம் தர மாட்டாங்க. நான் பிரெஞ்சு படிக்கிறேன்" என்கிறார்.

ஏன் பிரெஞ்சு? இங்கேதான் அவருடைய நான்காவது கட்டம் வருகிறது.

நொய்யரிசி

எம்.ஏ ஆய்வுக்கு அவர் திருப்பூரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் எடுத்திருப்பது நொய்யரிசி. நம் ஊரில் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற அதே நொய்தான்.

உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவிகிதம் இந்தியாவுடையது. உள்நாட்டில் விலை ஏறக் கூடாது என்பதற்காக 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதியையும், 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் இந்தியா தடை செய்தது. அடுத்த மாதமே உலகச் சந்தையில் அரிசி விலை 15 வருடங்களில் இல்லாத உயரத்துக்குப் போனது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரிலும், நொய்த் தடை 2025 மார்ச்சிலும் நீங்கின.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்றொரு நாடு. பிரெஞ்சு ஆட்சிமொழி. அவர்களின் தேசிய உணவு, மீனும் காய்கறியும் சேர்த்து நொய்யரிசியில் சமைப்பது. முழு அரிசியைவிட நொய்தான் அதற்கு ருசி என்பது அவர்கள் பழக்கம். இந்திய நொய்யை அதிகம் வாங்கிய நாடுகளில் செனகலும் ஒன்று.

"நம்ம அரசாங்கம் தடை போட்டது தப்புன்னு நான் சொல்லல. இங்கேயும் ரேஷன் வரிசை இருக்கு, அரிசி விலை ஏறினா எங்கம்மாதான் முதல்ல கவலைப்படுவாங்க. ஆனா அந்தத் தடை செய்தியை நான் பி.ஏ படிக்கும்போது ஒரு வரி கரன்ட் அஃபையர்ஸா எழுதி வெச்சிருந்தேன். தேதி, தடை, அவ்வளவுதான். ஆகஸ்டுக்கு அப்புறம் அதே வரியைத் திரும்பப் படிச்சேன். எங்கப்பா மெஷின் நின்னப்போ, யாரோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட கையெழுத்துன்னு அமெரிக்கா மேல எவ்ளோ கோபம் வந்துச்சு? செனகல்ல ஒரு அம்மா கடைக்குப் போய் நொய் விலையைக் கேட்டுட்டுத் திரும்பி வந்திருப்பாங்க இல்லையா... அவங்களுக்கு அந்த 'யாரோ' நாமதானே?"

ஆய்வில் அவர் தேடுவது மூன்று விஷயங்கள். தடை வந்ததும் செனகல் எங்கிருந்து அரிசி வாங்கியது? எவ்வளவு கூடுதல் விலை கொடுத்தது? அந்த விலையை அரசாங்கம் சுமந்ததா, குடும்பங்கள் சுமந்தனவா? அதற்கான ஆவணங்களில் பாதி பிரெஞ்சில் இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு பக்கம் படிக்கிறார்.